விறகுக் கட்டும் வரலாற்றுப் பாடமும்

தலைச் சும்மாட்டைப் பார்த்தால் மற்றவர்களுக்குச் சுமைதான் நினைவுக்கு வரும். எனக்கு வரலாற்றுப் பாடம் வரும். எழுபதுகளில் ஏலப்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நாங்கள் நான்கு பெண்கள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்தது விறகு சுமந்துகொண்டுதான். எங்களில் ஒருத்திக்கு, லயம் என்னும் தொழிலாளர் வீட்டு வரிசையில் எங்களோடு இருந்த தோழிக்கு, அம்மா இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் விறகு, தண்ணீர், அடுப்பு, தம்பிகள் என்று வேலை ஓயாது. அவளுடைய அப்பாவோ, "ஒரு தடவதான், பாத்துக்க. பெயிலானா மறுநாளே கொழுந்து கிள்ளப் போயிரணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். உட்கார்ந்து படிக்க அவளுக்கு ஏது நேரம்? நாங்கள் மூவரும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவளோடு விறகுக்குக் கிளம்பிவிட்டோம்.

திரும்பி வரும்போது எங்கள் மூவரில் நாளுக்கு ஒருத்தி சத்தமாக வாசித்தபடி முன்னால் நடப்பாள். அன்றைக்கு அவளுக்குச் சுமை கிடையாது. அவள் பங்கு விறகையும் மற்றவர்கள் கட்டிக்கொள்வோம். கேட்டதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே பின்னால் நடப்போம். காலில் அட்டை ஏறினால் பாடம் நிற்கும். அதைப் பிடுங்கி எறிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எதிரே வருகிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், பரீட்சை அவர்களுக்கா?

ஆனால் அந்தப் படிப்பே பரீட்சைக் கூடத்தில் அந்தத் தோழிக்கு வினையாக வந்தது. வாய்விட்டுச் சொல்லியே படித்துப் பழகியவளுக்கு, வாய்விட்டுச் சொல்லாமல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. முணுமுணுத்தபடி எழுதினாள். வெளியூரிலிருந்து வந்திருந்த மேற்பார்வை ஆசிரியர் அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டார். "யாருக்குச் சொல்லிக் குடுக்குற?"

"யாருக்கும் இல்ல சார். வாயால சொன்னாத்தான் எனக்கு ஞாபகம் வரும்."

அவளை வெளியே அனுப்பிவிடுவார் என்றே நினைத்தேன். மறுநாளே அவள் முதுகில் கொழுந்துக் கூடை ஏறிவிடும். அவரோ வராந்தாக் கடைசிக்கு ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, "இங்க உக்காந்து என்ன வேணும்னாலும் சொல்லிக்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவரை இன்றைக்கும் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அவள் பாஸாகிவிட்டாள். முடிவு வந்த அன்று நான் கேட்டேன்: "வராந்தாவுல ஒத்தையில உக்காந்து எழுதுனியேடி, பயமா இல்லையா?"

"ஒத்தையிலயா?" என்று சிரித்தாள். "நீங்க மூணு பேரும் மாத்தி மாத்தி வாசிச்சுக்கிட்டேதான இருந்தீங்க!"