சிவப்புப் பேனா படாத கடிதங்கள்

ஸ்ரீரங்கத்துப் பள்ளியொன்றில் பிரெஞ்சு கற்பிக்கும் அனுசுயா, பிரான்ஸ் நாட்டுப் பள்ளியோடு நடக்கும் கடிதப் பரிமாற்றத்துக்கு ஆறு ஆண்டுகளாகப் பதிவேடு வைத்திருந்தார். இவ்வாண்டு அவருடைய வகுப்பு அனுப்பிய முப்பது கடிதங்களுக்கு வந்த பதில்கள் நான்கு. பக்கத்து வகுப்பு ஆசிரியை விஜயராணிக்கோ இருபத்தெட்டு. அனுசுயாவுக்கு வயிறு எரிந்தது.

"அப்படி என்னதாங்க எழுத வச்சீங்க?"

"நான் எங்க மிஸ் எழுத வச்சேன்? அதுங்களா கிறுக்குச்சுங்க. தப்பைக்கூடத் திருத்தலை. சமயபுரத்துல குரங்கு தேங்காயைப் பிடுங்குனதை ஒருத்தி படமாவே போட்டுட்டா!"

அனுசுயா தம் வகுப்புக் கடிதங்களின் நகல்களைப் புரட்டினார். முப்பதும் அவரே திருத்திக் கொடுத்தவை. முப்பதிலும் அதே காவிரி, அதே கோபுரம், அதே வாக்கியங்கள்.

பொறாமை தணியவில்லை. ஆனாலும் மறுநாள் வகுப்புக்குக் கிளம்புமுன், விஜயராணியின் கண்ணில் படாமல், சிவப்புப் பேனாவை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.