ஆரியசாலையில் நான் போட்ட கோடு

சர்வதேச உறவுகளில் எம்.ஏ. படிக்கிறேன் என்றால் திருவனந்தபுரம் ஆரியசாலைக் கடைத்தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: விசா. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாதமே, மகனைத் துபாய்க்கு அனுப்ப வேண்டும் என்று மூன்று பேர் பாஸ்போர்ட்டோடு எங்கள் மிளகாய் வத்தல் மொத்தக் கடைக்கு வந்துவிட்டார்கள். தூதரகம், ஆய்வு நிறுவனம், ஐ.நா. என்று நான் அடுக்கிய வேலைகளைப் பொறுமையாகக் கேட்ட அப்பா, இதில் எதும்மா தம்பானூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிறது என்றார்.

கடைசி செமஸ்டரில் டெல்லி ஆய்வு நிறுவனம் ஒன்று என்னை ஆறு மாதப் பயிற்சிக்கு அழைத்தது. முடித்தால் அங்கேயே வேலை கிடைக்கலாம். அப்பா முடியாது என்றார். தூரம், குளிர், மூன்று வேளையும் கோதுமை. பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் இருந்தது. படிப்பின் பலனைக் கண்ணால் பார்த்தால் மனம் மாறுவார் என்று நினைத்தேன். அதற்குத் தோதாகப் பக்கத்திலேயே ஒரு தகராறும் இருந்தது.

பக்கத்துக் கடைக்காரர் கொத்தமல்லி விதை மொத்த வியாபாரி. அப்பாவைப் போலவே திருநெல்வேலிக்காரர். இரண்டு கடைக்கும் ஒரே முன்வாசல். யார் சாக்கை எதுவரை அடுக்குவது என்று சண்டை போட்டு, இருவரும் பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

நான் மூன்று பக்க உடன்படிக்கை தயாரித்தேன். எதிர் டீக்கடையை நடுநிலை மண்ணாக அறிவித்து இருவரையும் உட்கார வைத்தேன். இருவரும் டீ போடுகிறவரைப் பார்த்தே வாதாடினார்கள். கடைசியில் கையெழுத்துப் போட்டார்கள். டேப் பிடித்து அளந்து, முன்வாசலின் நடுவில் வெள்ளை பெயின்ட்டில் நானே கோடு போட்டேன். அதைப் போட்டோவும் எடுத்துக்கொண்டேன். அவ்வளவு பெருமை எனக்கு.

மறுநாள் அப்பாவுக்கு லாரி வந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. பதினோரு வருடமாக, ஒருவருக்கு லாரி வந்தால் மற்றவர் வாய் திறக்காமல் தன் சாக்குகளை உள்ளே இழுத்துக்கொண்டு முழு வாசலையும் விட்டுவிடுவார். இப்போது கோடு இருந்தது. மல்லிக்காரர் தன் பக்கத்தில் சாக்குகளோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். எங்கள் பாதி வாசலில் பாதி லோடுதான் கொண்டது. மீதியோடு லாரி தெருவை அடைத்து நின்றது. பின்னால் நாலு லாரிகள் ஹாரன் அடித்தன. லோடு இறக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் நிம்மதியாக டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

மத்தியானம் வானம் இருண்டது. வத்தல் நனைந்தால் தொலைந்தது. மல்லிக்காரர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆட்களைக் கூப்பிட்டுத் தன் சாக்குகளை உள்ளே இழுக்கச் சொன்னார். எங்கள் மீதி லோடு நனையாமல் இறங்கியது.

மழை விட்டதும் கோட்டைத் தாண்டி எங்கள் கடைக்குள் வந்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

"அண்ணாச்சி, பிள்ளைய டெல்லிக்கு அனுப்பிருங்க."

"நானும் அதத்தான் நெனச்சிட்டு இருந்தேன்," என்றார் அப்பா.

"இங்க நின்னா அடுத்தாப்ல கூரைக்கும் கோடு போட்டிருவா, கேட்டேளா."

இருவரும் சேர்ந்து டீ வரவழைத்தார்கள். எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. கேட்டது கிடைத்துவிட்டது என்பதே அரைமணி நேரம் கழித்துத்தான் உறைத்தது.

இன்று டெல்லியில் கடல் எல்லைகளைப் பற்றிக் குறிப்பு எழுதுவது என் வேலை. எழுதுமுன், அங்கே யாருக்காக யார் சாக்கை இழுக்கிறார்கள் என்று விசாரித்துவிடுகிறேன். ஊரில் கோடு அழிந்துவிட்டது. இருவரும் இப்போது நன்றாகவே பேசிக்கொள்கிறார்கள். நான் லீவில் வருகிறேன் என்று தெரிந்தால், பெயின்ட் டப்பாவை யார் கடையில் ஒளித்து வைப்பது என்றுகூடக் கலந்து பேசித்தான் முடிவு செய்கிறார்கள்.