பெட்டியை ஆறில் வைத்தவர்

"மோட்டார் கட்டுற காதுக்கு இது போதுங்க" என்று பிராங்க் சொன்னதை வெள்ளியங்கிரி ஏழு வருடம் மறக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். ஆர்.எஸ்.புரத்தில் பன்னிரண்டு மேசை போட்ட ஒரு மாடி ஓட்டலில், சாப்பிடுகிறவர்கள் கையை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார். ஓட்டல்காரர் கிருபாசங்கர் சிரித்தார். தண்ணீர் ஊற்றுகிறவரும் சிரித்தார்.

வெள்ளியங்கிரி சுந்தராபுரத்தில் இருபத்தாறு வருடமாக மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டுகிறவர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் மூடியைக் கழற்றாமல், ஓடுகிற சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டதா, காயில் புகைந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். கிணத்துக்கடவு தோப்புக்காரர்கள் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு மோட்டார் பக்கம் செல்போனை நீட்டி, "என்னங்க கோளாறு?" என்று கேட்பார்கள். அந்தக் காதைத்தான் பிராங்க் அப்படிச் சொன்னார்.

பிராங்க் போத்தனூர்க்காரர். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளியங்கிரியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு குடும்பத்திடம் இளவயதில் வாங்கிய கிடார் ஆம்ப், கிடார் சத்தத்தைப் பெருக்குகிற கருவி, ஒன்று வைத்திருந்தார். பழைய ரேடியோவில் இருக்கிற மாதிரி கண்ணாடி வால்வு போட்டது. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவர் அதை ஆம்ப் என்று சொல்வதில்லை, பெட்டி என்பார். அதன் திருகில் ஒன்றிலிருந்து பத்து வரை எண் உண்டு. இரண்டில் வைத்தால் கொசு பறக்கிற மாதிரி இருக்கும். ஆறுக்குப் போனால்தான் வால்வுகள் முழு வேகத்தில் உழைக்கும். அப்போது கம்பியை மெல்லத் தொட்டாலும் சத்தம் தடித்து, ஓரத்தில் லேசாகக் கரகரத்து, நல்ல தொண்டை உள்ள ஆள் பாடுவது போல வரும். ஆனால் ஆறில் வைத்தால் பன்னிரண்டு மேசையிலும் தட்டு அதிரும்.

அவர் வாசித்துவந்த சர்ச்சில் பெட்டியைக் கொண்டுவர வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வாசிக்கிற அந்த ஓட்டல் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அங்கேயும் கிருபாசங்கர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"சார், ஆர்டர் எடுக்கறதுக்கு அவங்க காதுக்குள்ள வாயை வெக்க வேண்டியிருக்குதுங்க. ஒண்ணு குறைங்க, இல்லாட்டி இந்த மாசத்தோட நிறுத்திக்கலாமுங்க."

"குறைச்சா அது என்ற பெட்டி இல்லீங்க தம்பி" என்றார் பிராங்க்.

அந்த வாரம்தான் கிரைண்டர் மோட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெள்ளியங்கிரி கடைக்கு முதல்முறையாக வந்தார். வெள்ளியங்கிரி அப்போது ஒரு ஜெனரேட்டரைச் சரிபார்க்க, ஹீட்டர் கம்பிகளை மாட்டி ஓட விட்டிருந்தார்.

"ஏனுங்க, அந்தக் கம்பி என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணாதுங்கண்ணா. கரண்டைத் தின்னுபோட்டுச் சூடாகும், அவ்வளவுதான்."

பிராங்க் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "என்ற பெட்டிக்கும் இப்படித் தின்னுறதுக்கு ஒண்ணு செஞ்சு தருவீங்களா? திருகு ஆறுல இருக்கோணும். வெளிய வர்ற சத்தம் ரெண்டாட்டம் இருக்கோணும்."

நான்கே நாளில் செய்து முடித்தார் வெள்ளியங்கிரி. ஹீட்டர் கம்பியைப் பீங்கானில் சுற்றி, பால் வாங்குகிற பழைய அலுமினியத் தூக்குப்போசியில் ஓட்டை போட்டு உள்ளே வைத்தார். பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அதை மாட்டி, சனிக்கிழமை திருகை ஆறில் வைத்தார்கள். தட்டு அதிரவில்லை. கிருபாசங்கர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். ஆனால் சத்தம் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. பிராங்க் வாசிப்பதை நிறுத்திவிட்டு வெள்ளியங்கிரியின் முகத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தானுங்கண்ணா இருக்குது" என்றார் வெள்ளியங்கிரி.

அதற்குத்தான் 'மோட்டார் கட்டுற காது' என்கிற அந்தப் பதில் வந்தது.

அந்தக் கம்பளி வெள்ளியங்கிரிக்கும் கேட்டது. தான் செய்தது, பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்கள், அதனால் வாய் அப்படிச் சொல்லிவிட்டது. பொய்தான் சொன்னார். பொய்க்குக் கிடைத்த அடி என்று அன்றே எடுத்துக்கொண்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு சொல்லாமல் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஒரு போர்வெல் மோட்டாரைக் கட்டிக்கொண்டிருந்தபோது கோளாறு என்னவென்று பிடிபட்டது. ஹீட்டர் கம்பி வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. ஸ்பீக்கர் அப்படியில்லை. அதற்குள் ஒரு சுருள் காந்தத்தில் ஆடுகிறது, வருவதை எதிர்த்துத் தள்ளுகிறது. அந்தத் தள்ளு இல்லாமல் பெட்டி சப்பென்று ஆகிவிட்டது. சுருள் கட்டுவதுதானே இவருடைய பிழைப்பு? பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றில் செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் அடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டார். முடித்து, கதவுக்கு மேலே இருந்த பலகையில் வைத்தார்.

"வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும்" என்றார் தனக்குத்தானே.

பிராங்க் வரவில்லை. இரண்டு சனிக்கிழமை திருகை இரண்டில் வைத்து வாசித்தாராம். மூன்றாவது சனிக்கிழமை பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். செம்புக் கம்பி விற்கிற அஃப்தாப் வந்து சொன்னார். கேட்டுக்கொண்டு வெள்ளியங்கிரி மோட்டாரின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஒரு தடவை போத்தனூர் ரயில்வே கேட்டில் பிராங்க் எதிரே நின்றார். வெள்ளியங்கிரி ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். கடையிலிருந்து பிராங்க் வீடு பத்து நிமிஷ ஓட்டம். சுருள் பலகையிலேயே ஏழு வருடம் கிடந்தது.

போன வைகாசியில் பிராங்கின் மனைவி ரெபேக்கா அதே கிரைண்டர் மோட்டாரைக் கொண்டுவந்தார்.

"அந்தத் தூக்குப்போசியை இன்னும் வெச்சிருக்கிறாருங்கண்ணா. புளி போட்டு வெக்கலாம்னு எடுத்தா கத்துறாரு."

அதற்கு மேல் வெள்ளியங்கிரியால் வீம்பு பிடிக்க முடியவில்லை. மறுநாள், புதன்கிழமை காலை, சுருளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

பிராங்கின் இரண்டு காதிலும் மெஷின் இருந்தது. "பேச்சு கேக்குதுங்க வெள்ளியங்கிரி. பாட்டுத்தான் கேக்கறதில்லை. தகரத்தைத் தட்டுறாப்பல இருக்குது. ஒர்க்ஷாப்புல பாதி போச்சு, பெட்டி முன்னால நின்னு மீதி போச்சு" என்று சிரித்தார்.

வெள்ளியங்கிரி தூக்குப்போசியில் இருந்த ஹீட்டர் கம்பியோடு சுருளைச் சேர்த்து மாட்டினார். பிராங்க் பெட்டி மேலிருந்த துணியை எடுத்து, வால்வு சூடாகும் வரை காத்திருந்து, திருகை ஆறில் வைத்தார். விரல்கள் பழையபடி ஓடவில்லை. ஆனாலும் வந்தது. தடித்து, கரகரத்து, முழுத் தொண்டையோடு, பத்தடி அறைக்குள் ஒரு ஆள் பேசுகிற அளவில் வந்தது. சமையலறையில் குக்கர் விசில் அதையும் மீறிக் கேட்டது. வெள்ளியங்கிரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சத்தம் சரியாக வந்துவிட்டது என்று பிராங்க் அவர் முதுகைப் பார்த்தே புரிந்துகொண்டார். குனிந்து சுருளில் படிந்திருந்த தூசியை விரலால் தொட்டார்.

"இதை எப்பச் செஞ்சீங்க?"

போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். "அந்தத் திங்கக்கிழமையேங்கண்ணா" என்றார் வெள்ளியங்கிரி.

பிராங்க் கிடாரை மடியிலிருந்து இறக்கினார். "அந்தத் திங்கக்கிழமை எனக்குக் காது இருந்துச்சுங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் வெள்ளியங்கிரி வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பார்.

பிறகு ரெபேக்காவிடம் கிருபாசங்கருக்குப் போன் போடச் சொன்னார். வரும் சனிக்கிழமை வாசிக்கலாம் என்று அவரும் சொல்லிவிட்டார். ஆனால் வெள்ளி விடியும்போது பிராங்க் எழவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது. ஓட்டலுக்கு வருவதாகச் சொன்ன அதே சனிக்கிழமை சாயங்காலம் கல்லறையில் மண் போட்டார்கள். வெள்ளியங்கிரியும் ஒரு கைப்பிடி போட்டார்.

அந்தப் புதன்கிழமை வெள்ளியங்கிரியை வழியனுப்ப வாசல் வரைக்கும் வந்த பிராங்க், வண்டியின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்டது இவ்வளவுதான்:

"சனிக்கிழமை கல்லாவுக்குப் பக்கத்து டேபிள்ல உக்காருங்க. நான் வாசிக்கிறது எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரியாது, உங்களைத்தான் பார்த்துட்டிருப்பேன். கம்பளியாட்டம் இருந்தாக் கையைத் தூக்கிப்போடுங்க. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்ல வேண்டாமுங்க, பேசாம காப்பியைக் குடிங்க."