விற்பனைக்கு ஒரு பச்சை மோரிஸ்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். கனரக இயந்திரத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகத் தர ஆய்வு வேலை பார்க்கிறேன். அளந்து பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவன். கல்யாண வீட்டுப் பாயசத்தைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பேன் என்று என் மனைவி நளினி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், இது நடந்தது. நடுராத்திரியில் இல்லை. சுடுகாட்டில் இல்லை. போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல் மூன்று மணிக்கு, கோலார் தங்கவயலில்.

எல்லாம் ஒரு வீடியோவில் ஆரம்பித்தது. தங்கவயலிலேயே ஊரிகம் பகுதியில் இருக்கும் இவான் தன் காரை விற்க அதைப் போட்டிருந்தார். 1956 மோரிஸ் மைனர். இங்கிலாந்தில் செய்த சின்னக் கார், இரண்டே கதவு, கரும்பச்சை நிறம். கடைசி ஆணி வரை பிரித்துப் புதுப்பித்து வைத்திருந்தார். பானெட்டை விரலால் மூன்று முறை தட்டி, "கேளுங்க, ஒரிஜினல் தகடு" என்றார். அவர் கையை எடுத்த பிறகு உள்ளேயிருந்து மெலிதாக இன்னொரு சத்தம் வந்தது. டக். எங்கேயோ ஒரு போல்ட் லூஸ் என்று நினைத்தேன். நேரில் காட்டிக் கேட்கலாம் என்று அந்த வீடியோவைப் போனில் சேமித்து வைத்தேன்.

இவானுக்கு அறுபது வயது இருக்கும். ஆங்கிலோ இந்தியர், தனி ஆள். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க மேன். எனக்கு முட்டி வலி. ஆனா டோக்கன் வெச்சிட்டுப் போங்க."

இது எங்கள் ஊர் கேலி. சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை மேலே கொடுத்துவிட்டுத்தான் கூண்டில் ஏறுவான். திரும்பி வந்ததும் அவன் கையாலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் டோக்கன் தொங்கினால் அந்த ஆள் இன்னும் பூமிக்கடியில் இருக்கிறான் என்று கணக்கு. சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் வாயிலிருந்து மட்டும் டோக்கன் போகவில்லை. நானும் சிரித்துக்கொண்டே, கழுத்துக் கயிற்றோடு இருந்த என் போனை அவர் வீட்டுச் சுவர் ஆணியில் மாட்டினேன்.

ஸ்கூட்டரை அங்கேயே விட்டேன். சீட்டுக்கு அடியில் என் இன்ஹேலர் இருந்தது. எனக்கு ஆஸ்துமா. தூசி பட்டால் போதும், மூச்சு கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்துவிடும். பத்து நிமிஷம்தானே என்று அதை எடுக்கவில்லை. புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

இருட்டிலும் முள் மின்னும் என் கைக்கடிகாரத்தில் 3:10. கிளம்பினேன். மாரிகுப்பம் பக்கம் வண்டியைத் திருப்பினேன். என்ஜின் தேன் மாதிரி ஓடியது. ஒன்றுதான் உறுத்தியது. பின்பக்கம் கனமாக இருந்தது. மேடு ஏறும்போது பின்சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டி மாதிரி இழுத்தது. ஸ்பிரிங் சரியில்லை என்று மனதில் குறித்துக்கொண்டேன். புதுத் தோல் வாசனைக்கு நடுவில் ஈரக் கல் வாசனை ஒன்றும் வந்துகொண்டிருந்தது.

3:22. சயனைடு மேட்டை ஒட்டிய ரோடு. தங்கம் எடுத்த பிறகு மிச்ச மண்ணை மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அந்த மேடு. ஆகஸ்டில் காற்று எழும்பினால் அந்தச் சாம்பல் தூசி ஊரையே மூடும். அன்றைக்கு எழும்பியது. அவசரமாகக் கண்ணாடிகளை ஏற்றினேன். அதே நேரம் என்ஜின் நின்றது.

சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை.

டக்.

இந்தக் காரில் திரும்புவதற்கு விளக்கு கிடையாது. கதவுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும். இடது பக்கக் கை நீண்டிருந்தது. நான் சுவிட்சைத் தொடவில்லை.

கதவைத் திறக்கப் பார்த்தேன். கைப்பிடி சும்மா சுற்றியது. இடது பக்கக் கதவும் அப்படியே. கண்ணாடியை இறக்கும் கைப்பிடி கழன்று கையோடு வந்தது. அதாலேயே கண்ணாடியில் அடித்தேன். கீறல்கூட விழவில்லை. தூசி கண்ணாடி முழுக்கப் படிந்துகொண்டே வந்தது. முதலில் மேடு மறைந்தது. பிறகு ரோடு. பிறகு வெளிச்சம்.

3:31. உள்ளே இருட்டு. பட்டப்பகலில் இருட்டு. கண்ணாடி ஏற்றியும் தூசி எப்படியோ உள்ளே வந்தது. நெஞ்சு இறுக ஆரம்பித்தது. கீச்... கீச்...

பயந்துவிட்டேன். வெட்கப்படாமல் சொல்கிறேன். நளினி முகம் வந்து போனது. இன்ஹேலர் இல்லாமல் அரை மணி தாங்குவேன். அதற்கு மேல் தாங்க மாட்டேன்.

பதற்றப்பட்டால் மூச்சு இன்னும் அடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கண்ணை மூடினேன். மூச்சை இழுத்துப் பிடித்து நிறுத்தினேன். ஒன்று... இரண்டு... மூன்று...

கீச்... கீச்...

நிற்கவில்லை.

என் மூச்சு நின்றிருந்தது. அந்தச் சத்தம் நிற்கவில்லை. எனக்குப் பின்னால் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் யாரும் இல்லை. புதுத் தோலில் மட்டும் ஒரு பள்ளம். ஆள் உட்கார்ந்த பள்ளம்.

3:44. கத்தப் பார்த்தேன். குரல் வரவில்லை.

அப்போதுதான் வெளியே கேட்டது. பானெட்டின் மேல், நிதானமாக.

டக்... டக்... டக்...

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது என்னவென்று தங்கவயல்காரன் எவனுக்கும் தெரியும். சுரங்கத்தில் பாறை வெடித்துச் சரிந்து ஆட்கள் மாட்டிக்கொண்டால், மீட்க வருகிறவர்கள் குழாயில் மூன்று தட்டுவார்கள். உள்ளே உயிரோடு எத்தனை பேரோ அத்தனை தட்டு திருப்பித் தட்ட வேண்டும். சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், லைன் வீட்டில் வளர்ந்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பொதுச் சுவரில் தட்டி இதை விளையாடியிருக்கிறேன்.

நடுவிரலை மடக்கி ஸ்டீயரிங் பக்கத் தகட்டில் ஒரு தட்டு தட்டினேன். விரலில் கல்யாண மோதிரம். டணக்.

என் முதுகுக்குப் பின்னால்...

டக்.

கையைத் தகட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

வெளியே மறுபடி மூன்று. தட்டுகிறவர், கேட்டது சரிதானா என்று கேட்கிறார்.

டணக்.

டக்.

இந்த முறை என் இருக்கையின் முதுகிலேயே தட்டியது. தட்டின அதிர்வு என் முதுகுத்தண்டில் ஏறியது.

கதவு திறந்தது.

வெளிச்சம். காற்று. நான் ரோட்டில் விழுந்தேன். 3:47.

திறந்தவர் ஒரு கிழவர். பெயர் சகாயம் என்று பிறகு சொன்னார். சுரங்கத்தில் மீட்புக் குழுவில் இருந்தவராம். காணாமல்போன மாட்டைத் தேடி அந்தப் பக்கம் வந்திருக்கிறார். கதவை ஒரு விரலில்தான் திறந்தேன் என்றார். என்னை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவர் என்னை விட்டுவிட்டு உள்ளே குனிந்து பார்த்தார்.

"இன்னா தம்பி... இன்னொருத்தர் எங்க?"

"நான் மட்டும்தான்."

"ரெண்டு பேர்னு தட்னீங்களே. ரெண்டு தபா கேட்டேன். ரெண்டு தபாவும் ரெண்டு."

இரண்டு கதவு வண்டியில் பின்சீட்டு ஆள் இறங்க வேண்டுமானால் முன்சீட்டை மடக்க வேண்டும். இடது பக்க முன்சீட்டு மடங்கியிருந்தது. நான் மடக்கவில்லை. சகாயமும் மடக்கவில்லை.

அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். வண்டியை அங்கேயே விட்டு, என்னைப் பிடித்துக்கொண்டு மெயின் ரோடு வரை வந்து ஆட்டோ ஏற்றினார். நடந்ததை எல்லாம் கேட்டார். போனை ஆணியில் மாட்டியதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"நேரா அங்க போ. உன் கையால எடு. வேற ஆள் எடுத்தா, கணக்குல நீ உள்ளதான் இருப்பே."

தலையாட்டினேன். ஆனால் போகவில்லை. அந்த வாசலை மிதிக்க எனக்குத் தைரியம் இல்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் ஆவி பிடித்துவிட்டு, அவர்கள் போனிலிருந்து நளினியைக் கூப்பிட்டேன். அவள்தான் வந்து என்னிடம் கார் சாவியை வாங்கிக்கொண்டு, இவான் வீட்டுக்குப் போய் அதைக் கொடுத்து, வண்டி நிற்கும் இடத்தைச் சொல்லி, போனையும் ஸ்கூட்டரையும் கொண்டுவந்தாள்.

வந்தவள் இவான் சொன்ன கதை ஒன்றையும் கொண்டுவந்தாள். அந்தக் காரை வைத்திருந்தவர் இவானின் தாத்தா. சுரங்கத்தில் கேப்டன், அதாவது மேற்பார்வை அதிகாரி. அறுபதுகளில் ஒரு பாறை வெடிப்பு. இவர் குழாயில் மூன்று தட்டினார். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது. ஒருவரை எடுத்தார்கள். இரண்டாவது தட்டு எதிரொலி என்று எழுதிவிட்டு, அந்த லெவலை, சுரங்கத்தின் அந்த அடுக்கையே அடைக்கச் சொன்னார். அன்றைக்கு இந்தக் காரில்தான் வீட்டுக்குத் திரும்பினாராம். அதற்குப் பிறகு சாகும் வரை அதில் ஏறவே இல்லையாம்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மூன்று வாரம் கழித்து இவான் புது வீடியோ போட்டார். அதே கார். அதே பேச்சு. பானெட்டில் மூன்று தட்டு. "கேளுங்க, ஒரிஜினல் தகடு."

பழைய வீடியோ என் போனில் இருக்கிறது. அதில் மூன்று தட்டுக்குப் பிறகு ஒரு டக். ஒன்றே ஒன்று. எண்ணிப் பார்த்துவிட்டேன்.

புது வீடியோவை இயர்போன் மாட்டிக் கேட்டேன். பதினோரு முறை கேட்டேன். நளினியையும் கேட்கச் சொன்னேன். அவள் இயர்போனைக் கழற்றிவிட்டு என் கையையே பார்த்தாள். என் நடுவிரலை.

மூன்று தட்டு. பிறகு உள்ளேயிருந்து...

டக்.

டணக்.