துகிரின் மாமாவின் வலது முட்டி

எங்கள் பக்கத்து வீட்டு மாமாவின் பெயர் துகிரின். தென்னை ஏறிப் பதநீர் இறக்குகிறவர். இருபத்திரண்டு மரம், காலையிலும் சாயங்காலமும். சமினா அத்தை அதைக் காய்ச்சிச் சர்க்கரைக் கட்டியாக்குவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் வலது முட்டி வீங்கியது. அடிபடவே இல்லை. சில நாள் மடக்கினால் நீட்ட வராது. ஒருநாள் பாதி மரத்திலேயே பூட்டிக்கொண்டது.

"இறங்கு மாமா."

"இறங்க முடிஞ்சா இங்க என்னடி, தவமா பண்றேன்?"

ஊருக்கு ஒரே தீர்ப்பு: யூரிக் ஆசிட். எங்கள் ஜாவாவில் கழுத்து பிடித்தாலும் அதுதான். சுகாதார நிலையத்தில் விரலைக் குத்திப் பார்த்தார்கள், அளவு சரியாக இருந்தது. "இன்னிக்கு ஒளிஞ்சிருக்கு" என்றாள் உருவிவிடும் தர்மி அக்கா. மாமாவுக்குக் கடலைச் சட்னி போச்சு, கீரை போச்சு. வீக்கம் மட்டும் போகவில்லை. அக்கா வாராவாரம் எண்ணெய் போட்டு அமுக்குவாள். மறுநாள் முட்டி பப்பாளியாகும்.

மாமா தூங்கும்போது அந்த முட்டியில் கரியால் கண், வாய் வரைந்து, 'அமுக்கினால் கடிப்பேன்' என்று எழுதிவைத்தேன். அக்கா படித்துச் சிரித்தாள். அதன் மேலேயே எண்ணெயை ஊற்றினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று தடவை எக்ஸ்ரே. மூன்று தடவையும் "ஒண்ணுமில்ல." நாலாவது தடவை ஒரு டாக்டரம்மா ஊசியால் நீரை இழுத்துப் பார்த்தார். துரு நிறம். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள்.

"மூட்டுக்குள்ள சவ்வுல சதைக்கட்டி. ரொம்ப அபூர்வம். புற்று இல்ல. எக்ஸ்ரேல சதை தெரியாது. அமுக்க அமுக்க உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு."

"அப்ப நான் மூணு வருஷம் கடலை தின்னாதது?"

டாக்டரம்மா சீட்டில் ஏதோ எழுத ஆரம்பித்தார்.

கட்டியை வெட்டி எடுத்தார்கள். திரும்ப வரலாம், ஆறு மாசம் மரம் கூடாது, அப்புறமும் ஸ்கேன் பார்த்துத்தான் என்றார்கள். ஆனால் பாளையைத் தினம் சீவாவிட்டால் காய்ந்துபோகும். அதனால் மாமா தன் மரங்களை ஊரில் இன்னொரு மரமேறியான கஸ்டியிடம் விட்டார். கஸ்டியின் சீவல் அவருக்கு எப்போதுமே பிடிக்காது.

நேற்று கஸ்டி மரத்தின் மேலே. மாமா ஊன்றுகோலோடு கீழே.

"மெல்லிசா சீவுடா. விறகா வெட்டுற?"

"நீ ஏறி வந்து காட்டேன்."

மாமா ஊன்றுகோலைப் போட்டார். மரத்தைக் கட்டிப்பிடித்து, ஏறுவதற்காக அதில் வெட்டியிருந்த முதல் படியில் இடது காலை வைத்தார். வலது காலைத் தூக்கினார். பாதிதான் மடங்கியது. நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுடி."

"கிழிஞ்சாலும் விடமாட்டேன்."

கொஞ்ச நேரம் அப்படியே தொங்கினார். பிறகு இடது காலையும் மண்ணில் வைத்தார். மேலே கத்திச் சத்தம் கேட்டது.

"தடிமனாத்தான் சீவறான்" என்றார். எனக்கும் அப்படித்தான் கேட்டது.