பெரியப்பாவின் மெட்டு

பெரிய வெள்ளியன்று முழந்தாளிட்டுச் சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்யும்போது நாங்கள் பாடும் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர், மன்னார்க் கோயிலில் ஹார்மோனியம் வாசித்த தன் பெரியப்பாதான் என்பது அப்பாவின் விசுவாசப் பிரமாணத்தில் கடைசி வரி. ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் பீலெஃபெல்டில் இதைக் கேட்டுக் காது புளிக்காத தமிழர் இல்லை. இந்த வருடம் எங்கள் தமிழ்ப் பூசைக்குப் பாட்டுப் புத்தகம் அச்சாகிறது. தட்டச்சு செய்பவள் நான்.

"பாட்டுக்குக் கீழ பெரியப்பான்ரை பேர் வரவேணும், பிள்ளை. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்" என்றார் அப்பா. அப்படியே தட்டச்சில் சேர்த்துவிட்டேன்.

அதே மாதம் இடுப்பு வலிக்காக நடன வகுப்பொன்றில் சேர்ந்தேன். யோகாவில் இடமில்லை. பழைய ஆங்கிலேய நாட்டுப்புற நடனத்தில் மட்டும் தாராளமாக இருந்தது. ஏன் என்பது முதல் நாளே விளங்கியது.

ஜெர்மன் ஆசிரியர் எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்காக ஒரு மெட்டை அக்கோர்டியனில் மிக மெதுவாக வாசித்தார். என் முழங்கால் தானாக மடிந்து தரையைத் தொட்டது. எங்கள் பெரிய வெள்ளிப் பாட்டு! நான் அந்தக்கால முறைப்படி வணங்குகிறேன் என்று நினைத்து அவர் பாராட்டினார். பிறகு மெட்டின் கதையைச் சொன்னார். பல நூறு வருடப் பழசாம், போட்டவர் யாரென்று தெரியாதாம். களஞ்சியத்தில் ஆடி, தவறணையில் குடித்துப் பாடி, பிறகு கோயில்காரர் பக்தி வார்த்தை போட்டு, மிஷனரிமார் கப்பலேற்றினார்களாம். எந்தக் கரையில் இறங்கியதென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

அப்பாவிடம் சொல்ல இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தேன். வாய் வரவில்லை. மூன்றாம் வாரம் பனி கொட்டியதால் அவரே என்னைக் காரில் ஏற்ற வந்து கதவடியில் நின்றார். உள்ளே பத்துப் பேர் அந்த மெட்டுக்குக் கைகோத்துத் துள்ளிக்கொண்டிருந்தோம். அப்பா தொப்பியைக் கழற்றினார். ஆட்டம் முடியும்வரை அதைத் திரும்பப் போடவில்லை.

காரில் கேட்டார்: "ஆர் போட்டதெண்டு சொல்லுகினம்?"

"ஒருத்தருக்கும் தெரியாதாம், அப்பா. சரியான பழசாம்."

"பெரியப்பாவை விடப் பழசோ?"

"ஓம்."

"அப்ப பேரை எடுத்துவிடு. கோயில் புத்தகத்திலை பொய் இருக்கேலாது."

அந்தப் பெயரை எப்படி நீக்குவதென்று தலையை உடைத்தவள் நான்தான். வீட்டில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். மனம் கேட்கவில்லை. கடைசியில் அப்பாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.