கம்ப்யூட்டருக்குத் தெரியாத தீவு

பேராசிரியர் ஒருவருக்காக அச்சாகி வந்த காகிதக் கட்டை நான்தான் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு ஓரத்திலும் துளை போட்ட, மடிப்பு மடிப்பாக விழும் காகிதம். பாதிப் படியில் நின்று முதல் மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். அவர் நாலைந்து வார்த்தைகள்தான் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த வார்த்தைகளுக்கு உலகத்தில் எந்த இதழில் என்ன கட்டுரை வந்திருக்கிறது, யார் எழுதியது, எந்தப் பக்கம், அதன் சாரம் என்ன என்று கம்ப்யூட்டர் கொட்டித் தீர்த்திருந்தது. எங்கள் குப்பத்துக்கு டெலிபோன் வருமா வராதா என்று இதைக் கேட்டால் என்ன? அங்கேயே, அந்தப் படியிலேயே தோன்றியது. பேராசிரியர் மேலே காத்திருந்தது எனக்கு மறந்தே போயிற்று.

அப்போது நான் நூலகப் படிப்பை முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி நூலகத்தில் பயிற்சியாளராக இருந்தேன். கம்ப்யூட்டர், தொலைத்தொடர்பு இதழ்கள் என் பொறுப்பு. வந்த இதழை வரவு அட்டையில் குறித்து, முத்திரை குத்தி, தட்டில் அடுக்க வேண்டும். வராத இதழுக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும். படிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானாகப் படித்தேன். பாதி புரியாது. புரிந்த பாதி தூங்க விடாது.

டெலிபோன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊரைச் சொல்ல வேண்டும். லைட்ஹவுஸ் குப்பத்துக்கு முன்னால் கடல், பின்னால் ஏரி. பழவேற்காடு டவுனுக்குப் போக ஏரியைப் படகில் தாண்ட வேண்டும். புயல் எச்சரிக்கை டவுன் தபால் ஆபீஸ் போனுக்கு வரும். அங்கிருந்து யாராவது படகேறி வந்து சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். காற்று ஏறிவிட்டால் படகுக்காரர் வர மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அப்படி ஒரு நாள் செய்தி அக்கரையிலேயே நின்றுவிட்டது. இக்கரையில் கட்டுமரங்கள் ஏற்கெனவே கடலுக்குப் போயிருந்தன. நைனா, அதாவது அப்பா, திரும்பி வந்தார். மாமா வரவில்லை. மாமா என்றால் அம்மாவின் தம்பி, என் அக்காவின் புருஷன்.

அதற்குப் பிறகு அக்கா அழுததைவிடக் கேட்டதுதான் அதிகம். "அந்தாண்ட வந்த சேதி இந்தாண்ட வர்றதுக்கு இன்னாடி வழி? நீ படிச்சவ, சொல்லு."

நான் பொன்னேரியில் டெலிபோன் அதிகாரியிடம் போனேன். அவர் முகம் கொடுத்துத்தான் பேசினார், முதலில்.

"வயர் இழுக்க முடியாதும்மா. முகத்துவாரத்துல மணல் வருஷா வருஷம் இடம் மாறுது."

"ரேடியோ மூலமா குடுக்கலாமே சார்? வெளிநாட்டு இதழ்ல படிச்சிருக்கேன்."

"வெளிநாட்டுல பறக்கவே பறக்கறான். நம்ம நாட்டுல, உப்புத்தண்ணிக்கு அந்தாண்ட கிடக்கற ஒரு சின்ன ஊருக்கு அப்படிக் குடுத்திருக்காங்கன்னு ஒண்ணு காட்டு. நானே மேல எழுதறேன்." நான் வாசலைத் தாண்டுவதற்குள் பியூனிடம் சொன்னது காதில் விழுந்தது. "பாத்தியா, மீன்காரப் பொண்ணு நமக்கு இன்ஜினீயரிங் சொல்லித் தருது."

ஒன்று காட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டரில் தேடித் தரச் சொல்லிக் கேட்டதும் எங்கள் நூலகத்தின் ஆவணப் பிரிவுப் பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இது ஆராய்ச்சிக்காரங்களுக்கும்மா. ஊர்ப் பஞ்சாயத்துக்கு இல்லை." கம்ப்யூட்டர் நேரம் என்ன விலை தெரியுமா என்றும் கேட்டார். கடைசியில் கடல் மேல் மைக்ரோவேவ் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு மாணவர் கைகொடுத்தார். "என் கேள்வியோட உங்க வார்த்தையையும் சேத்து எழுதிடறேன். எனக்கு என்ன போச்சு?" கிராமம், ரேடியோ, டெலிபோன், தீவு, உப்புநீர் என்று ஆங்கிலத்தில் எழுதி, கூடவே நம் நாட்டின் பெயரையும் எழுதினேன்.

பதில் வரச் சில வாரங்கள் ஆயின. வந்ததும் தரையில் உட்கார்ந்து மடிப்பு மடிப்பாகப் பிரித்தேன். பனி மூடிய தீவுகளுக்கு டெலிபோன் கொடுத்திருந்தார்கள். பாலைவனத்து ஆட்டுப் பண்ணைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். எண்ணெய்க் கிணறுகளுக்குக் கொடுத்திருந்தார்கள். நம் நாட்டின் பெயரில் வந்திருந்தது ஒரே ஒரு கட்டுரை, இனிமேல் கிராமங்களுக்கு என்ன செய்யலாம் என்று வெளிநாட்டுக் கூட்டத்தில் யாரோ வாசித்தது. செய்ததைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கம்ப்யூட்டர் தேடுகிற டேட்டாபேஸ் வெளிநாட்டிலிருந்து காந்த நாடாவில் பதிந்து வருவது. அதோடு கூட ஒரு கையேடும் உண்டு. எந்தெந்த இதழ்களிலிருந்து கட்டுரைகளை எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று அதில் போட்டிருக்கும். யாரும் அதைப் பிரித்த தடயமே இல்லை, தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. என் வரவு அட்டைகளை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டேன். வெளிநாட்டு இதழ் என்றால் அட்டை முதல் அட்டை வரை. நம் நாட்டு இதழில் ஒன்றிரண்டுக்கு 'தேர்ந்தெடுத்தவை மட்டும்'. மற்றவை கிடையவே கிடையாது. நம் இன்ஜினீயர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டுவிட்டு வந்து எழுதுகிற இதழ்கள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குப் பிறக்கவே இல்லை.

"ஏன் சார் நம்ம இதழை எடுக்கல?" என்று பொறுப்பாளரிடம் கேட்டேன்.

"அவங்க நாடா, அவங்க எடுக்கறாங்க. நாம காசு குடுத்து வாங்கறோம். கடைக்காரனைப் போய் ஏன் இதை வைக்கலைன்னு கேப்பியா?"

கேட்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பயிற்சியாளர் என்பதால் மூடிக்கொண்டேன். பக்கத்து ஜில்லாவில் நடந்ததை நாம் தெரிந்துகொள்வதற்குக்கூட, அது தெரிந்துகொள்ளத் தக்கதுதான் என்று கடல் கடந்த ஒருவர் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு நாம் சந்தா கட்டுகிறோம்.

அந்த வாரமே ஊரில் கூட்டம் வைத்துவிட்டார்கள். வட்டார அலுவலகத்திலிருந்து அந்த வருஷம் குப்பத்துக்கு ஒரு காரியம் செய்து தருவதாகச் சொல்லியிருந்தார்கள். டெலிபோனுக்கு வழி இருந்தால் டெலிபோன், இல்லையென்றால் மீன் காயவைக்கச் சிமெண்ட் தளம். எது என்று ஊர் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் காகிதக் கட்டோடு போய் இறங்கினேன். பெண்கள் கூட்டத்தில் உட்காருவதில்லை. அதனால் நைனாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"இல்லைன்னு சொல்லிடாதீங்க நைனா. கம்ப்யூட்டர் பாத்த இதழ்ல இல்லை, அவ்ளோதான். அது பாக்காத இதழ் எங்க லைப்ரரியிலயே கீது. நான் பொரட்டிப் பாக்கணும். ஒரு மாசம் தவணை கேளுங்க."

"செரிம்மா. ஒரு மாசம். கேக்கறேன்."

அம்மன் கோயில் முன் மணலில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். நாங்கள் பக்கத்து வேலிக்குப் பின்னால் நின்றோம். ஊர்த் தலைவர்தான் ஆரம்பித்தார்.

"இன்னாப்பா, உம் பொண்ணு மெட்ராஸ்ல கம்பூட்டரையே கேட்டுதாமே. இன்னா சொல்லிச்சு அது?"

நைனா தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "அதுல நம்ம நாட்டுது இல்லீங்க தலைவரே. ஆனா வேற பொஸ்தகத்துல இருக்குமாம். பாக்கணுமாம்..."

"இருக்குமாம், பாக்கணுமாம்!" என்று ஒருவர் இழுத்தார். பெரிய வலைக்காரர், பேச்சில் கெட்டிக்காரர். "ஏம்ப்பா, பாட்ல பேரு இல்லாதவன் ஏரியில வந்து கழி ஊனிட்டு, 'வேற எங்கனா என் பேரு இருக்கும், தேடிப் பாருங்க'ன்னா உட்ருவியா நீ?"

கூட்டம் சிரித்தது. நைனாவும் சிரித்துவிட்டார். அதுதான் என் நெஞ்சில் குத்தியது.

பாடு என்பது எங்கள் ஏரியில் இறால் வலை போடும் இடங்களுக்கான முறை. சித்திரையில் குலுக்கிப் போட்டு, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று பிரித்துக்கொள்வார்கள். பாட்டில் பேர் இருந்தால் வலை போடலாம், இல்லையென்றால் கிடையாது. இடையில் பேச்சே இல்லை. அதனால்தான் எங்கள் ஏரியில் மண்டை உடையாமல் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் கம்ப்யூட்டரின் பதிலையும் எடுத்துக்கொண்டார்கள். அதில் பேர் இல்லை, ஆகவே உலகத்தில் இல்லை. ஆனால் பாட்டில் யார் பேர் விட்டுப்போனாலும் அங்கேயே எழுந்து கத்த ஆள் இருக்கிறான், அதனால் அது முழுமையாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் இதழ்களைச் சேர்த்தபோது எங்கள் பக்கத்து ஆள் யார் உட்கார்ந்திருந்தார்? வேலிக்குப் பின்னால் நின்று இதை யாரிடம் சொல்வது?

அக்கா பொறுக்கவில்லை. "நைனா, ஒரு மாசம் கேளு!" என்று கத்தினாள். எல்லாத் தலையும் திரும்பியது.

"கூட்டத்துல பொம்பள கொரலு இன்னாத்துக்கு?" என்றார் தலைவர். கோபமாகக்கூட இல்லை, கோழியை விரட்டுகிற மாதிரி. தளம் என்று முடிவாயிற்று. கற்பூரம் ஏற்றினார்கள். கற்பூரம் ஏற்றிய பேச்சை அடுத்த சித்திரை வரைக்கும் எங்கள் ஊரில் யாரும் திரும்ப எடுப்பதில்லை.

நைனா வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். "கேக்கத்தான் போனேன். அவன் பாட்டைச் சொல்லிட்டான். அதுக்கு மேல நான் இன்னா பேசறது?"

சென்னை திரும்பி வெறி பிடித்த மாதிரி தேடினேன். தட்டுகளில் இருந்த நம் நாட்டு இதழ்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது கீழ்த்தட்டுக்கும் கீழே, சணல் கயிறு போட்டுக் கட்டிய கட்டு ஒன்றில். ஒரு தொலைத்தொடர்புப் பயிற்சி நிலையம் நடத்தும் காலாண்டு இதழ், மட்டமான தாள். இலவசமாக வருவதால் எங்கள் வரவு அட்டையில்கூட அதற்கு இடமில்லை. வெளிநாட்டுக் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேனே, எங்கள் அலமாரியின் யோக்கியதை இது.

கட்டுரையை எழுதியவர் ஓர் உதவி இன்ஜினீயர். காயலின் நடுவே ஒரு தீவு, அதில் மீனவர் ஊர், ரேடியோ மூலம் ஒரே ஒரு டெலிபோன். உப்புக் காற்றில் ஏரியல் துருப்பிடித்தது, என்ன வண்ணம் பூசினார்கள், பேட்டரியை எப்படிப் படகில் கொண்டுபோனார்கள், எல்லாம் எழுதியிருந்தார். நம் நாட்டில், உப்புத்தண்ணீருக்கு அந்தாண்ட, சின்ன ஊர். அதிகாரி கேட்ட எல்லாம் அப்படியே இருந்தது. சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் பொய். கட்டின் மேலேயே தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன் நகலோடு மறுபடி பொன்னேரி. அதிகாரி நிதானமாகப் படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார். பிறகு, "ஆனா உங்க ஊரே தளம் போதும்னு எழுதிக் குடுத்தாச்சேம்மா. இனிமே அடுத்த வருஷம்தான். அதுவும் ஒரே ஒரு எடத்துல செஞ்சது. அது எங்கயோ விதிவிலக்கா நடந்திருக்கும்." மேலே எழுதுவதாகச் சொன்னதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். மேசை மணியை அடித்துப் பியூனைக் கூப்பிட்டார்.

தலைவரிடமும் போனேன். அவர் நகலை வாங்கிப் பார்த்துவிட்டு, பத்திரமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். கற்பூரம் ஏத்தின பேச்சும்மா. நானே அதைத் திரும்ப எடுத்தாலும் ஊரு சிரிக்கும்."

ஐப்பசியில் மறுபடி ஒரு எச்சரிக்கை டவுனோடு நின்றது. அன்று விடியும் முன்பே வாடைக் காற்று ஏறிவிட்டதால் யாரும் மரம் இறக்கவில்லை. பிழைத்தோம். "இந்த வாட்டி காத்தே நேரா வந்து போன் பண்ணிடுச்சு" என்றாள் அக்கா. பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. சிமெண்ட் தளம் வந்துவிட்டது. அக்கா அதில்தான் கருவாடு காயவைக்கிறாள். நான் ஏதாவது சொன்னால், "தளத்த ஏண்டி திட்டற? தளம் நல்லாத்தான் கீது" என்கிறாள்.

இப்போது பயிற்சி முடிந்து அதே நூலகத்தில் தற்காலிக வேலை. கம்ப்யூட்டர் எடுக்காத, எங்கள் அட்டையிலும் ஏறாத நம் நாட்டு இதழ்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கட்டுரைக்கு ஓர் அட்டை போட்டு வருகிறேன். பொருள், எழுதியவர், முக்கியமாக எந்த ஊரில் நடந்தது என்பது. ஊர்ப் பேரைப் போட்டு அடுக்குவது விதியில் இல்லை என்கிறார் பொறுப்பாளர். "யார் கேட்டா உன்னை இதைச் செய்யச் சொல்லி?" என்றும் கேட்கிறார். என் ஊர் கேட்கவில்லை, கேட்கிற நிலையிலும் அது இல்லை. போடுகிறேன்.

வருகிற சித்திரையில் கூட்டம் உண்டு. மாமாவின் பாடு இப்போது அக்கா பேரில் இருக்கிறது, வலை போடுவது மட்டும்தான் நைனா. பாட்டில் பேர் உள்ளவள் கூட்டத்தில் ஏன் உட்காரக் கூடாது என்று கேட்டுவிட்டு உட்காரப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். விரட்டுவார்கள். விரட்டட்டும், பேசிவிட்டுத்தான் எழுவேன் என்கிறாள். பேசுவதற்கு ஒரு தீவு போதாது, ஒன்று என்றால் விதிவிலக்கு என்று தள்ளிவிடுவார்கள். இரண்டாவது ஒன்று வேண்டும், முடிந்தால் மூன்றாவதும். பின் சுவரோரம் இன்னும் பிரிக்காத கட்டுகள் கிடக்கின்றன. நாளைக்கு ஜன்னல் பக்கமிருந்து ஆரம்பிக்கிறேன்.